உஷார்! மழைக்காலத்தில் முகாமுக்குப் போகும் பிள்ளையின் உடம்பு தயாரா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தேசிய சேவைப் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறதா? ராணுவத்திலோ போலீசிலோ சேர மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறானா? அப்படியென்றால் பெட்டி அடுக்குவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் அவன் உடம்பைக் கவனியுங்கள். பத்து நிமிடம் வெயிலில் நடந்தால் மூச்சு வாங்குகிறதா? மழையில் நனைந்த இரவில் இழுப்பு வருகிறதா? பள்ளித் திடலில் ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்ததை வீட்டில் சொல்லாமல் விட்டானா? இதற்கெல்லாம் வீட்டிலேயே பதில் தெரிந்துகொள்ளாவிட்டால், முகாமில் முதல் வாரமே தெரிந்துவிடும். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பி.எல்.கே.என். என்று நாம் சொல்லும் தேசிய சேவைப் பயிற்சி 2003-இல் சட்டமாகி, 2004-இல் முதல் அணி முகாமுக்குப் போனது. 2015-இல் நிறுத்தினார்கள், 2016-இல் மறுபடி தொடங்கினார்கள், 2018-இல் ஒரேயடியாக மூடினார்கள். இப்போது மூன்றாவது வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. முதல் முன்னோட்ட அணி 2025 ஜனவரி 12 அன்று கோலாலம்பூரில் அஸ்கார் வாத்தானியாவின் 515-ஆவது ரெஜிமெண்ட் முகாமில் கூடியது. பயிற்சி 45 நாள். அதில் எழுபது விழுக்காடு அடிப்படை ராணுவப் பயிற்சி, மீதி முப்பதுதான் நாட்டுணர்வு வகுப்பு. பழைய திட்டத்தை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். பாட்டு, குழு விளையாட்டு, காட்டுக்குள் நடை என்று அண்ணனோ அக்காவோ அன்று கண்டது வேறு. இன்று போகும் பிள்ளை முதல் நாளிலிருந்தே பூட்ஸ் போட்டுக் கவாத்து செய்யப் போகிறான்.

பழைய திட்டத்தின் காலத்தில் முகாம்களில் பிள்ளைகள் இறந்த செய்திகள் வந்ததையும், நாடாளுமன்றம் வரை கேள்வி எழுந்ததையும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெற்றோர்கள் மறந்திருக்க முடியாது. அந்தப் பயத்தில் பிள்ளையை அனுப்பாமல் இருக்க வழி தேடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் சீருடைப் பணிகளுக்கு இன்னும் நிறையப் போக வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் தயாரில்லாத உடம்போடு அனுப்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் அணி போன மாதத்தைப் பாருங்கள்: ஜனவரி. வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரை மாநிலங்களைப் போல நாள் கணக்கில் கொட்டாவிட்டாலும் நமக்கும் அந்த மாதங்களில் வானம் மூடிக்கொள்கிறது. 2018 ஜனவரியில் தீபகற்பம் முழுக்க மக்கள் சுவெட்டரைத் தேடி எடுத்தார்களே, அதே பருவம்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டத்துக்கு வெள்ளம் வந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

“நம் ஊரில் ஏது குளிர்?” என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1995 பிப்ரவரியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பனி அரிதாகவே விழும், மக்கள் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகும் மாநிலம் அது. அங்கே ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் சதுப்பு நிலத்து ஆற்றைக் கடந்தார்கள். மழையால் ஆறு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. மணிக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்க நேர்ந்தது. நான்கு பேர் உடல் குளிர்ந்தே இறந்தார்கள். தண்ணீர் உறையும் நிலையில் இல்லை. பத்து டிகிரிக்குச் சற்று மேலேதான் இருந்தது. அவர்கள் நோஞ்சான்களும் அல்ல. தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்ட வீரர்கள். ஆனால் அந்தப் பயிற்சியில் வாரக்கணக்காக அரைத் தூக்கமும் அரை வயிறுமாக இருப்பார்கள். சூடு உண்டாக்க உடம்பில் எரிபொருள் மிச்சமில்லாதபோது எவ்வளவு பலசாலியும் சாய்ந்துவிடுவான்.

நம் முகாமில் யாரையும் சதுப்புக்குள் அப்படி நிறுத்தப் போவதில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெளியே இருபத்திரண்டு டிகிரி என்றாலும், விடிகாலை மழையில் நனைந்த பருத்திச் சட்டையோடு, காற்று வீசும் திடலில் இரண்டு மணி நேரம் நிற்கும் ஒல்லியான பையனின் உடல் வெப்பம் இறங்கத் தொடங்கும். 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. முதலில் நடுக்கம். அடுத்து விரல் மரத்து, சட்டைப் பொத்தான் போட வராது. பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் சோர்வு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் “சரியாகிவிட்டான்” என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் மோசமான அறிகுறி. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணி மாற்றி, தரைக்கும் உடம்புக்கும் நடுவே பாய் போட்டு, போர்த்தி, மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடாக இனிப்பான பானம் கொடுக்கலாம். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. கோடாலித் தைலம் தேய்த்தால் தோல் எரியும், உள்ளே இருக்கும் குளிர் போகாது. இதை உங்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனைக் காப்பாற்றப் போவது இந்த அறிவுதான்.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். முறுக்கு டப்பாவுக்கு ஒதுக்கும் இடத்தைக் காலுறைக்குக் கொடுங்கள். முகாம் அனுமதிக்கும் பட்டியலைப் பார்த்து, அனுமதித்த அளவுக்கு உலர்ந்த மாற்று உள்ளாடையும் காலுறையும், ஒவ்வொரு செட்டையும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். இரவில் படுக்கப் போகும்போது உலர்ந்த ஒரு செட் கட்டாயம் இருக்க வேண்டும். அதைப் பகலில் எதற்காகவும் எடுக்கக் கூடாது. ஈரக் காலுறையோடு நாள் முழுக்க இருந்தால் பாதம் வெளுத்துச் சுருங்கி, வீங்கி, தோல் உரியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் கால்களைக் கெடுத்தது இதுதான். அங்கே குளிர்ந்த சேறு. வியட்நாம் போரில் வெதுவெதுப்பான வயல் தண்ணீரிலும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இதன் இன்னொரு வகை வந்தது. ஆகவே “நம் ஊர்த் தண்ணீர் சூடுதானே” என்ற சமாதானம் செல்லாது. இரவில் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் உலர்த்திவிட்டுப் படுக்க வேண்டும்.

இனி வெயிலுக்கு வருகிறேன். மழைக்காலம் என்றாலும் மலேசியாவில் மேகம் விலகிய மறு நிமிடம் வெயில் சுடும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது. உலராத வியர்வையால் உடம்பு குளிராது. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் மலைகளில், பிரிட்டன் ராணுவம் குளிருக்கும் மழைக்கும் பயிற்சி கொடுக்கும் அதே பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், 2013 ஜூலை 13 அன்று ஏறக்குறைய 26 கிலோமீட்டர் சுமையோடு நடந்தவர்களில் மூன்று பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அன்றைய வெப்பம் முப்பது டிகிரிக்குப் பக்கம். நம் கிள்ளானில் அது சாதாரண மதியம்! வெதுவெதுப்பான ஃபுளோரிடாவில் குளிரால் சாவு, குளிர்ந்த வேல்ஸில் வெயிலால் சாவு. பருவத்தின் பெயரை நம்பி உடம்பைத் தயார் செய்யாதீர்கள். ஜனவரி என்பதற்காக வெயிலைப் பழகாமல் போகும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அடி.

நம் பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள் என்று நேர்மையாகப் பார்ப்போம். ஏர்கோன் அறையில் தூக்கம், ஏர்கோன் காரில் பள்ளி, ஏர்கோன் டியூஷன் நிலையம், எல்.ஆர்.டி., மால். எஸ்.பி.எம். முடிந்து காத்திருக்கும் மாதங்களில் பகல் முழுக்க அறைக்குள் கைத்தொலைபேசி, விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம். வெப்பமண்டலத்தில் பிறந்தவன் என்பதால் வெப்பம் பழகியிருக்கும் என்பது பொய். உடம்பு வெயிலுக்குப் பழக ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் எடுக்கும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையோடு போகும் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பு அடங்குகிறது. இந்த மாற்றங்கள் எல்லாம் வெயிலில் உழைத்தால்தான் வரும். ஏர்கோன் ஜிம்மில் ஓடும் ஓட்டம் நெஞ்சுக்கு நல்லது, வெயிலுக்குப் போதாது. பழகிய பின் ஒரு வாரம் மறுபடி ஏர்கோனில் முடங்கினால் பழக்கம் கரைய ஆரம்பித்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே முகாமுக்கு எட்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் காலையில் அரை மணி நேர வேக நடை. பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார் பிள்ளைகளுக்குத் தாமான் பொட்டானி பெர்டானா இருக்கிறது. செந்தூல் பக்கம் என்றால் தித்திவங்சா ஏரி. கிள்ளானில் அருகில் உள்ள எந்தத் தாமான் திடலும் போதும். அடுத்த வாரங்களில் நடையோடு மெது ஓட்டத்தைக் கலந்து, தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி இரண்டு வாரத்தில், மருத்துவர் சரி என்று சொன்ன பிள்ளைகள் மட்டும், காலை பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம் நடக்கலாம். முதல் நாள் இருபது நிமிடம், பிறகு நாளுக்குக் கொஞ்சம் கூடுதல். தனியாக அல்ல, யாராவது கூட இருக்க வேண்டும். பத்துமலையின் 272 படிகளைப் பக்தியோடு ஏறி இறங்கும் பழக்கம் உள்ள குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொடைக்கும் நெஞ்சுக்கும் அதைவிட நல்ல பயிற்சி ஏது? தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காவடி எடுக்கும் இளைஞனுக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் முழு விரதத்தோடு கடும் உடற்பயிற்சியைச் சேர்க்காதீர்கள். முகாம் தேதியும் விரத நாட்களும் ஒன்றாக வந்தால், முதல் நாளே அதிகாரிகளிடம் சொல்லி, என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம். புது பூட்ஸைப் பெட்டியோடு கொண்டுபோய் முகாமில் முதல் நாள் போடுகிற பையன் மூன்றாம் நாள் கொப்புளத்தோடு நொண்டுவான். முகாமில் கொடுக்கும் காலணி வேறாக இருந்தாலும், இரண்டு மூன்று வாரம் முன்பே கெட்டியான காலணியில் நடந்து தோலைப் பழக்குங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைந்து வெட்டினால் சதைக்குள் வளரும். கைத்தொலைபேசியும் தூக்கமும் இதே கணக்கில் வரும். முகாமில் விடிவதற்கு முன் எழுப்புவார்கள். மூன்று மணிக்குப் படுத்துப் பழகியவன் முதல் வாரம் முழுக்க இரண்டு மணி நேரத் தூக்கத்தில் ஓடுவான். தூக்கம் கெட்ட உடம்பு குளிரையும் தாங்காது, வெயிலையும் தாங்காது. நான்கு வாரம் முன்பிருந்தே பத்து மணிக்குப் படுக்கப் பழகட்டும்.

வெப்பத்தால் விழுந்தவனுக்கு என்ன செய்வது? சிங்கப்பூர் நமக்குக் கசப்பான பாடம் வைத்திருக்கிறது. 2018 ஏப்ரலில் பிடோக் முகாமில் 8 கிலோமீட்டர் வேக நடை முடித்த இளம் சிப்பாய் ஒருவர் வெப்பத் தாக்குதலால் விழுந்து, சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அங்கேயே உடனே போதுமான அளவு உடம்பைக் குளிர வைக்கவில்லை, கொண்டுபோவதிலும் தாமதம் என்று விசாரணைக் குழு கண்டது. பல பத்தாண்டுகளாக வெப்பத்தைப் படித்துவரும் ராணுவத்திலேயே இந்தத் தவறு நடந்தது. உடல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டி, ஆள் உளறினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ, தள்ளாடினாலோ, அது வெப்பத் தாக்குதல். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போதே குளிர வைக்க வேண்டும்: நிழல், கழற்றிய சட்டை, தலை முதல் கால் வரை தண்ணீர், விசிறல், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. முடிந்தால் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைப்பதே சிறந்தது. முதலில் குளிர வை, அப்புறம் கொண்டுபோ. முதல் அரை மணி நேரத்தில் செய்வதுதான் உயிரைத் தீர்மானிக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்குதல் என்று பழைய பாடப்புத்தகத்தைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உழைப்பால் வரும் தாக்குதலில் பையன் வியர்வையில் நனைந்தேதான் விழுவான்.

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஆனால் “எவ்வளவு முடியுமோ அவ்வளவு” என்று சொல்லாதீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் உப்பு கரைந்து மூளை வீங்கும். இதிலும் பயிற்சிச் சிப்பாய்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவ வழிகாட்டி, மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சாப்பாட்டை விடாமல் உண்டால் உப்பு கிடைத்துவிடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது கோலா நிறத்தில், காப்பித் தண்ணீர் போல வந்தால், தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். அந்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டும். பழகாத பையனை முதல் நாளே நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடச் சொன்னால் இது நடக்கும்.

இன்னொன்று, சத்தம் போட்டே சொல்ல வேண்டிய ஒன்று. ஜிம் போகும் பிள்ளைகள் வைத்திருக்கும் ‘பிரீ வொர்க்அவுட்’ பொடி, எனர்ஜி டிரிங்க், எடை குறைக்கும் மாத்திரை, பாசார் மாலாமில் பெயர் தெரியாத பாக்கெட்டில் விற்கும் கசாயக் காப்பி, இவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து எறியுங்கள். இதயத்தை முடுக்கி, உடல் வெப்பத்தைக் கூட்டுபவை இவை. மூக்கடைப்புக்குத் தானாக வாங்கிப் போடும் சளி மாத்திரைகள் சிலவும் வியர்வையை அடக்கும் அல்லது இதயத்தை முடுக்கும். காய்ச்சலோடும் சளியோடும் ஓடவே கூடாது. உடம்பு வலிக்கு வலி மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டுத் தண்ணீரில்லாமல் நடக்கும் பையனின் சிறுநீரகம் அடி வாங்கும்.

மழை என்றால் எலி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் எலி சிறுநீர் நோய். 2010-இல் பகாங் மாரானில் லூபோக் யூ என்ற பொழுதுபோக்கு நீர்நிலையில் ஓர் இளைஞனைத் தேடப் போன மீட்புப் பணியாளர்களும் கிராம மக்களுமாக 153 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். எலி சிறுநீர் நோயும், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிசும் தாக்கி எட்டுப் பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்கள் அவர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மெலியோய்டோசிஸ் பேராபத்து. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று நாட்டின் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பதினெட்டு வயதுப் பையனுக்கு எங்கே சர்க்கரை என்று அலட்சியமாக இருக்காதீர்கள். குண்டாக இருந்தால், அப்பா, தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால், ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கக் கூடாது என்பதைப் பிள்ளை தைரியமாகச் சொல்லட்டும்.

முகாமிலிருந்து திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், “முகாமுக்குப் போயிருந்தான், ஆற்றில் இறங்கினான், சேற்றில் கிடந்தான்” என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். டெங்கி என்று மட்டும் நினைத்து எலி சிறுநீர் நோயை விட்டுவிடும் அபாயம் உண்டு. டெங்கியாக இருந்தாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அது சாதாரணமல்ல. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் எழுத வந்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன். முகாமுக்கு முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் பொய் சொல்லாதீர்கள். ஏன் மறைக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். பையனுக்கு வலிப்பு வந்தது வெளியே தெரிந்தால் சீருடை வேலை போய்விடும். பெண்ணுக்கு ஆஸ்துமா என்று எழுதினால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். இரண்டு வருஷமாக வரவில்லை, ஆகவே இல்லை என்று அர்த்தம். இந்தச் சமாதானங்களால் பயிற்சியாளருக்கு எதுவும் தெரியாமல் போகிறது. அவர் எதிரில் நிற்பது நல்ல ஆரோக்கியமான பையன் என்று நம்பி ஓடச் சொல்கிறார். மழையில் இழுப்பு வந்து, இன்ஹேலர் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் அவர் மேல் என்ன குற்றம் சொல்வீர்கள்? ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, முன்பு மயங்கி விழுந்தது, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்தது, மருந்து ஒவ்வாமை, ஜி6பிடி குறைபாடு, மனச்சோர்வுக்கு எடுத்த மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜி6பிடி குறைபாடு குழந்தை பிறந்தபோதே சோதித்துச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள், சில மருந்துகள் அவர்களுக்கு ஆகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரத்தசோகை உள்ள பெண் ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும், கண் இருட்டும். நான்காம் படிவத்தில் தலசீமியா பரிசோதனை செய்திருந்தால் முடிவைப் பாருங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவென்றால் எட்டு வாரம் முன்பே சிகிச்சை தொடங்கினால் முகாமுக்குள் பெருமளவு தேறிவிடலாம். மாதவிடாய் வலியை வெட்கப்பட்டு மறைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பெண் பயிற்சியாளர்கள் இருப்பார்கள், அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உடம்பு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒத்திவைப்பு, விலக்கு கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மருத்துவச் சான்றோடு முறையாக விண்ணப்பிக்கலாம். “என்னிடம் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் பெயரை எடுத்துத் தருகிறேன்” என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள். அதே மாதிரி, அழைப்பைக் கண்டுகொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும் சட்டப்படி குற்றம். அது பிள்ளையின் பெயரில்தான் பதியும்.

பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று. முகாமில் கிண்டல் செய்வார்கள், “மென்மையானவன்” என்பார்கள். நண்பர்கள் முன்னால் தோற்கக் கூடாது என்று தலைச்சுற்றலை மறைக்காதீர்கள். “சார், எனக்குத் தலை சுற்றுகிறது” என்று சொல்வதில் அவமானம் இல்லை. பக்கத்தில் உள்ளவன் பேச்சு குழறினால் அவன் மறுத்தாலும் நீங்கள் கையைத் தூக்குங்கள். உடல் குளிர்ந்தவனுக்கும் வெப்பம் ஏறியவனுக்கும் தன் நிலை தெரியாது. மூளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது. யாராவது அடித்தாலோ, தண்டனை என்ற பெயரில் அளவு மீறி வதைத்தாலோ, மறைக்காமல் முதல் வாய்ப்பிலேயே அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். பெற்றோர்களும் அதைக் கேட்டவுடனே எழுத்தில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

வீட்டுப் பக்கத்தில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் இருக்கும். மலேசியக் குடிமகனுக்கு அங்கே பார்க்கக் கட்டணம் ஒரு ரிங்கிட். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், நெஞ்சு, இன்ஹேலர் சரியாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அங்கேயே பார்க்கலாம். முகாம் தேதிக்கு ஒரு வாரம் முன்பு போனால் எதையும் சரி செய்ய நேரம் இருக்காது. அழைப்புக் கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். எஸ்.பி.எம். எழுதி முடித்த வாரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.